தசையழற்சியும் வைரஸும்: ஒரு நெடுங்காலக் கேள்வி

காய்ச்சல் வந்து போகிறது. சில வாரங்கள் கழித்துத் தலைவாரக் கை மேலே எழவில்லை. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பேருந்தில் ஏற யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது. தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை எடுத்தால், சில நூறுகளில் இருக்க வேண்டிய அளவு ஆயிரங்களில் நிற்கிறது. தொடையிலிருந்து ஒரு துணுக்குத் தசையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நோயெதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. மயோசைட்டிஸ், அதாவது தசையழற்சி, என்கிறார் மருத்துவர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தசையைத் தாக்குகிறது என்று விளக்குகிறார். வீட்டார் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தக் காய்ச்சலால் வந்ததா?

கேள்வி எளியது. இதற்குக் கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் மருத்துவ ஆராய்ச்சி தந்த பதில்கள் பல. அவற்றில் சில ஒன்றையொன்று மறுப்பவை. சில, ஆய்வுக்கூடக் கருவிகள் மேம்பட்டதும் உதிர்ந்துபோனவை. எந்தப் பதில் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் அது வலுவிழக்கிறது, எது இன்னும் நிற்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இரண்டு வேறு நோய்கள்

வைரஸ் நேரடியாகத் தசையை வருத்துவது வேறு, வைரஸ் போன பிறகும் எதிர்ப்பாற்றல் தசையை விடாமல் தாக்குவது வேறு. இரண்டையும் கலந்து பேசியதால்தான் பழைய விவாதங்களில் பாதிக் குழப்பம்.

முதல் வகை பலரும் கண்டதே. ஃப்ளூ காய்ச்சல் தணியும் நேரத்தில் குழந்தை திடீரெனக் கெண்டைக்கால் வலி என்று நடக்க மறுக்கும். நடந்தாலும் நுனிக்காலில் நடக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க் 1957இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். பி வகை இன்ஃப்ளூயன்ஸாவுக்குப் பிறகு இது அதிகம். சி.பி.கே. ஏறும், ஆனால் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் குழந்தை பழையபடி ஓடும். டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவின் பெயரால் அறியப்படும் நெஞ்சுத்தசை வலி நோயும் இத்தகையதுதான். காக்சாக்கி பி வைரஸ்கள் அதற்குக் காரணம். டெங்குவில் உடம்பெல்லாம் முறித்துப் போடும் வலிக்கும் தசை பாதிப்பில் பங்குண்டு.

இரண்டாவது வகை மெதுவாக, வாரக்கணக்கில் வளர்வது. தோள், இடுப்பு, தொடை ஆகிய உடலின் நடுப்பகுதியை ஒட்டிய தசைகளையே முதலில் பிடிக்கும். தானாகச் சரியாவது அரிது. லைப்சிக் நகர மருத்துவர் எர்ன்ஸ்ட் வாக்னர் 1863இல் இத்தகைய நோயாளி ஒருவரைப் பதிவு செய்தார். தோலில் தடிப்பும் சேர்ந்து வரும் வடிவத்திற்கு ஹைன்ரிஷ் உன்வெரிக்ட் 1891இல் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று பெயரிட்டார். போஹனும் பீட்டரும் 1975இல் வகுத்த நோயறி விதிகள் நெடுங்காலம் இந்தத் துறையை ஆண்டன. இன்று இது ஒரே நோயாகக் கருதப்படுவதில்லை. டெர்மட்டோமயோசைட்டிஸ், நுரையீரலையும் சேர்த்துத் தாக்கும் ஆன்டிசின்தெட்டேஸ் வகை, தசைநார்கள் மடியும் நெக்ரோடைசிங் வகை, முதியவர்களுக்கு வரும் இன்க்ளூஷன் பாடி வகை என்று பிரிகிறது. முன்பு பாலிமயோசைட்டிஸ் என்று அழைக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்தப் பிரிவுகளுக்குள் போய்விட்டது. எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் பத்துப் பேருக்கோ அதற்குக் குறைவானவர்களுக்கோதான் புதிதாக வருகிறது. இந்த அரிய தன்மையும் இந்தப் பிரிவுகளும் கட்டுரை முழுக்கக் குறுக்கிடும்.

காக்சாக்கியைத் தேடிய காலம்

வைரஸ்தான் காரணம் என்ற நம்பிக்கைக்கு வலுவான தொடக்கம் 1948இல் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள காக்சாக்கி என்ற ஊரில், போலியோ போன்ற முடக்கம் கண்ட குழந்தைகளின் மலத்திலிருந்து கில்பர்ட் டால்டோர்ஃபும் கிரேஸ் சிக்கில்ஸும் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பால்குடி மாறாத சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது குஞ்சுகள் தளர்ந்து விழுந்தன. கோளாறு நரம்பில் இல்லை. உடல் முழுவதும் தசைகள் அழற்சியால் சிதைந்திருந்தன. ஒரு வைரஸ் தசையை இவ்வளவு குறிவைத்துத் தாக்கும் என்றால் மனிதருக்கு வரும் தசையழற்சியும் அப்படித்தானே என்று கேட்பது இயல்பாகவே இருந்தது.

1960களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி கைக்கு வந்தது. நோயாளிகளின் தசையில் வைரஸ் போன்ற துகள்கள் தெரிவதாக அறிக்கைகள் அடுத்தடுத்து வெளியாயின. இன்க்ளூஷன் பாடி வகையில் கண்ட இழைகள் பொன்னுக்குவீங்கி வைரஸுடையவை என்றுகூட ஒரு கருத்து பல ஆண்டுகள் நிலவியது. மரபணுத் துணுக்குகளைத் தேடிப் பார்த்தபோது அந்த வைரஸ் அங்கே இல்லை. டெர்மட்டோமயோசைட்டிஸில் ரத்தக் குழாய்ச் செல்களுக்குள் காணப்பட்ட குழல் வடிவங்களும் முதலில் வைரஸ் என்றே கருதப்பட்டன. அவை, வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானின் தாக்கத்தால் செல்லே உருவாக்குபவை என்று பின்னர் தெரிந்தது. வைரஸைக் கண்டதாக நினைத்தவர்கள், அறியாமலே, வைரஸுக்கு எதிரான உடலின் எதிர்வினையைக் கண்டிருந்தார்கள். இந்தத் தவறான அடையாளம்தான் பின்னாளில் மிக முக்கியமான தடயமாயிற்று.

இந்தக் காலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சிகாகோவின் குழந்தை மருத்துவர் லாரன் பாக்மனின் பணியில் நெருக்கமாகப் பார்க்கலாம். 1986இல் அவருடைய குழு, டெர்மட்டோமயோசைட்டிஸ் வந்த குழந்தைகளில் 83 சதவீதத்தினரிடம் காக்சாக்கி பி வைரஸுக்கான எதிர்ப்பொருள்கள் இருப்பதாகவும், ஒப்பீட்டுக் குழந்தைகளிடம் இது 25 சதவீதம்தான் என்றும் வெளியிட்டது. மறு ஆண்டே தசையில், காக்சாக்கி அடங்கிய இனமான என்டெரோவைரஸின் ஆர்.என்.ஏ. கிடைத்ததாக பிரிட்டிஷ் குழு ஒன்று அறிவித்தது. வழக்கு ஏறக்குறைய முடிந்தது போலிருந்தது. அதன்பின் பி.சி.ஆர். வந்தது. மிகச் சிறு அளவு வைரஸ் மரபணுவையும் பெருக்கிக் காட்டக்கூடிய அந்த முறையில் 1992இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் தேடினார்கள். சந்தேகத்துக்குரிய எந்த வைரஸும் கிடைக்கவில்லை. 1995இல் பாக்மனே, சிகிச்சை தொடங்காத 20 குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. மூலம் அழற்சி உள்ள இடத்தைத் துல்லியமாகக் குறித்து, அங்கிருந்தே தசை எடுத்துத் தேடினார். என்டெரோவைரஸ் ஆர்.என்.ஏ. இல்லை. தம் முந்தைய முடிவுக்குப் பாதகமான விடையை இவ்வளவு கவனமாகத் தேடி வெளியிட்டது இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய கொடை.

வந்து போன வைரஸ்

தசையில் வைரஸ் இல்லை என்பதால் வைரஸ் காரணமில்லை என்றாகிவிடுமா? ஆகாது என்பது அடுத்த தரப்பு. வைரஸ் தொடங்கி வைத்துவிட்டு மறைந்துவிடும், மீதியை எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம்.

இதற்கு எலிச் சான்று உண்டு. காக்சாக்கி பி1 வைரஸின் ஒரு குறிப்பிட்ட வகையைச் செலுத்திய எலிக்குஞ்சுகளில், உயிருள்ள வைரஸ் முற்றிலும் நீங்கிய பிறகும் தசையழற்சி நீடித்தது. எதிர்ப்பாற்றலின் டி செல்கள் இல்லாமல் பிறக்கும் எலிகளில் அந்த நீடித்த நோய் உண்டாகவில்லை என்று 1987இல் காட்டப்பட்டது. அதாவது, வைரஸ் மட்டும் போதவில்லை. ஆனால் அதே எலிகளில் வைரஸ் ஆர்.என்.ஏ. மாதக்கணக்கில் தங்கியிருப்பதும் பின்னர் தெரியவந்தது. எனவே அது உண்மையில் போய்விட்டதா, ஒளிந்திருந்ததா என்பதில் எலிகளே தெளிவான விடை தரவில்லை.

இந்தத் தரப்பின் அடிப்படை பலவீனம், அதைப் பொய்யென்று காட்ட வழியில்லாததே. எதுவும் கிடைக்காவிட்டால், அது போய்விட்டது என்று சொல்லிவிடலாம். ஆயினும் ஒரு நிகழ்வு இதற்கு எதிர்பாராத துணையாக வந்தது. அதில் வைரஸே இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு, மாத்திரையை நிறுத்திய பிறகும் தசை அழிவு தொடர்வதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்த மாத்திரை எந்த நொதியைத் தடுக்கிறதோ அதே நொதிக்கு எதிராக அவர்களுடைய ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இருந்தன. 2011இல் இது உறுதியானது. தூண்டுகோல் நீங்கினாலும் நோய் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பதற்கு மனிதரில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. மாத்திரைக்கு இது பொருந்தும் என்றால் வைரஸுக்கும் பொருந்தலாம். பொருந்துகிறது என்று அதனால் ஆகிவிடாது.

உருவ ஒற்றுமை

குறிப்பிட்ட சில எதிர்ப்பொருள்கள் மட்டும் ஏன் தோன்றுகின்றன என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இன்னொரு கோட்பாடு. தசையழற்சியில் அதிகம் காணப்படும் ஜோ-1 எதிர்ப்பொருள், செல்லின் புரதத் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு சின்தெட்டேஸ் நொதியைக் குறிவைக்கிறது என்று 1983இல் மேத்யூஸும் பெர்ன்ஸ்டைனும் காட்டினார்கள். இந்த நொதியின் இயல்பான வேலை, அமினோ அமிலங்களைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வைப் பற்றுவது. சில வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வில் அதை ஒத்த வடிவங்கள் உண்டு. நொதி வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ள, இரண்டும் சேர்ந்த கலவையை உடல் அந்நியமாகக் கருதிவிட்டதோ என்பது அவர்களின் ஊகம். அழகான ஊகம், நாற்பது ஆண்டுகளாகியும் நிறுவப்படவில்லை.

வைரஸ் புரதத்துக்கும் நம் புரதத்துக்கும் இடையே அமினோ அமில வரிசை ஒத்திருப்பதைத் தேடும் ஆய்வுகள் இன்றும் வருகின்றன. கொரோனா வைரஸின் சில பகுதிகளோடு ஒத்த வரிசைகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் டெர்மட்டோமயோசைட்டிஸ் நோயாளிகளிடம் இருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒப்பிட்டால் ஆறேழு அமினோ அமிலங்கள் தற்செயலாகவே பொருந்திவிடும். அந்தப் பொருத்தத்தால்தான் நோய் வந்தது என்று காட்டுவது வேறு வேலை. தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் கீல்வாதக் காய்ச்சலிலும், கம்பைலோபாக்டர் வயிற்றுப்போக்குக்குப் பின் வரும் கில்லன்-பாரே நோயிலும் அந்த வேலை பெருமளவு முடிந்திருக்கிறது. தசையழற்சியில் அது தொடக்க நிலையில்தான் இருக்கிறது.

தவிர, ஜோ-1 நோயாளிகள் பலருக்கு முதலில் பாதிக்கப்படுவது தசை அல்ல, நுரையீரல். புகைபிடித்தலோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. கதை நுரையீரலில் தொடங்குகிறது என்றால், சந்தேகப் பட்டியலில் வைரஸோடு புகையும் தூசியும் சேர்கின்றன.

எச்.ஐ.வி. சொன்ன பாடம்

நேரடியான மனிதச் சான்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களிடம் 1980களிலேயே தசையழற்சி கண்டறியப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எச்.டி.எல்.வி.-1 வைரஸ் பரவலாக உள்ள ஜமைக்காவில், பாலிமயோசைட்டிஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் அந்தத் தொற்று இருந்ததை 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. பொதுமக்களிடம் அதன் அளவு மிகக் குறைவு. தசையை வெட்டிப் பார்த்தபோது வைரஸ் தசைநார்களுக்குள் இல்லை. அவற்றைச் சூழ்ந்திருந்த எதிர்ப்புச் செல்களுக்குள் இருந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. வைரஸ் தசைநாருக்குள் நுழையாமலே தசையழற்சியை உண்டாக்கலாம் என்றால், தசைநாருக்குள் தேடி இல்லையென்று முடித்த ஆய்வுகள் கேள்வியின் ஒரு பாதிக்கு மட்டுமே விடை சொல்லியிருக்கின்றன.

இன்டர்ஃபெரான் வழி

ஸ்டீவன் கிரீன்பெர்கின் குழு 2005இல், டெர்மட்டோமயோசைட்டிஸ் நோயாளிகளின் தசையில் எந்த மரபணுக்கள் மிகையாக இயங்குகின்றன என்று பார்த்தது. முதல் வகை இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்களே முன்வரிசையில் நின்றன. வைரஸ் நுழைந்தால் உடல் முதலில் எழுப்பும் தற்காப்பு அதுதான். வைரஸ் இல்லாத தசை, வைரஸ் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது.

அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், தசை வலுவிழப்பு குறைவாகவும் நுரையீரல் அழற்சி மிக வேகமாகவும் வரும் நோயாளிகளிடம் ஒரு புதிய எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அது தாக்கும் புரதம் எம்.டி.ஏ.5 என்பது 2009இல் தெளிவாயிற்று. செல்லுக்குள் நுழையும் ஆர்.என்.ஏ. வைரஸ்களை, குறிப்பாகக் காக்சாக்கி சேர்ந்த பிகோர்னா குடும்பத்தை, மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரானைத் தூண்டுவதே அந்தப் புரதத்தின் பணி. வைரஸைக் கண்டறியும் புரதமே தாக்குதலுக்கு இலக்காவது தற்செயலாக இருக்குமா? மத்திய ஜப்பானில் கிசோ ஆற்றை ஒட்டிய சிறு ஊர்களில் இத்தகைய நோயாளிகள் கூடுதலாக இருந்தது, சுற்றுப்புறத்தில் ஏதோ ஒரு தூண்டுகோல் உண்டு என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்தது.

கொரோனா இதைப் பெரிய அளவில் சோதித்தது. பெர்லினில் கொரோனாவால் இறந்த 43 பேரின் உடற்கூறாய்வில் பலருடைய தசைகளில் அழற்சி இருந்தது. ஆனால் வைரஸ் தசைநார்களைத் தொற்றியதற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 2018 முதல் 2022 வரை எம்.டி.ஏ.5 எதிர்ப்பொருள் கண்ட 60 பேரைத் தொகுத்த ஆய்வில், எண்ணிக்கை 2021இல் உச்சம் தொட்டது. அவர்களில் கொரோனா உறுதியானவர்கள் சிலரே. அறிகுறியில்லாத தொற்று பரவியிருந்த அந்த ஆண்டில் தடுப்பூசியும் பரவலாகப் போடப்பட்டதால், இரண்டையும் பிரித்தறிய அந்த ஆய்வால் முடியவில்லை. தடுப்பூசிக்குப் பின் நோய் வந்ததாகத் தனித்தனி அறிக்கைகள் உண்டு. அவை காரண உறவை நிறுவுபவை அல்ல.

இந்தத் தரப்புக்கும் ஓர் எதிர்வாதம் உண்டு, அது கனமானது. வைரஸே இல்லாமல், பிறவி மரபணு மாற்றங்களால் இன்டர்ஃபெரான் ஓயாமல் சுரக்கும் நோய்கள் இருக்கின்றன. எம்.டி.ஏ.5 மரபணுவில் நேரும் மாற்றமும் அவற்றில் ஒன்று. ஆகவே இன்டர்ஃபெரான் தடயம் வைரஸ் வந்ததற்குச் சாட்சியாகாது; வைரஸ் வரும் வழி திறந்து கிடப்பதற்கு மட்டுமே சாட்சி.

வைரஸ் தேவையில்லை என்பவர்கள்

2000இல் கண்ணெபோயின நாகராஜுவும் சகாக்களும் எலிகளின் தசைநார்களில், செல்லின் உட்புரதங்களை எதிர்ப்பாற்றலுக்குக் காட்டும் எம்.எச்.சி. முதல் வகை மூலக்கூறை மட்டும் மிகையாக உண்டாக்கினார்கள். வைரஸ் ஏதும் செலுத்தவில்லை. எலிகளுக்குத் தசையழற்சி வந்தது. புற்றுநோயோடு சேர்ந்து வரும் டெர்மட்டோமயோசைட்டிஸ் நெடுங்காலமாக அறியப்பட்டது. எதிர்ப்பாற்றலின் தடைகளை நீக்கப் புற்றுநோய்க்குத் தரும் செக்பாயின்ட் மருந்துகளும் தசையழற்சியைக் கிளப்புகின்றன. ஆக, இந்த நோய்க்கு வாசல்கள் பல. அண்மைய சிகிச்சை அனுபவமும் இதையே சொல்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், எதிர்ப்பாற்றலின் பி செல்களை அடியோடு அழிக்கும் கார்-டி சிகிச்சை பெற்ற சில தசையழற்சி நோயாளிகளால் மற்ற மருந்துகளை விட்டுவிட முடிந்திருக்கிறது. எந்த வைரஸையும் குறிவைக்காத சிகிச்சையால் நோய் அடங்குகிறது. நோயாளிகள் மிகச் சிலர். பின்தொடர்ந்த காலமும் குறுகியது. ஆனாலும், உயிருள்ள வைரஸ் உள்ளே இருந்துகொண்டு நோயை நடத்துகிறது என்ற வாதத்துக்கு இது சாதகமாக இல்லை.

மக்கள்தொகை என்ன சொல்கிறது

பாக்மனின் 2005 ஆய்வில், 286 குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு நோய்க்கு முந்தைய மூன்று மாதங்களில் சளி, இருமல் போன்ற சுவாசத் தொல்லையும் 30 சதவீதத்தினருக்கு வயிற்றுத் தொல்லையும் இருந்தன. ஆனால் மூன்று மாதங்களில் சளி பிடிக்காத குழந்தை எத்தனை? ஒப்பீட்டுக் குழு இல்லாத எண்ணிக்கை ஒரு குறிப்பாக மட்டுமே நிற்கும். ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இருந்தது. முன்பு தொற்றுக்காக மருத்துவமனை சென்றவர்களிடம் தசையழற்சி சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். சுவாசத் தொற்றும் வயிற்றுத் தொற்றும் தனித்துத் தெரிந்தன. இங்கும் ஒரு பொறி உண்டு. ஆன்டிசின்தெட்டேஸ் வகையில் நுரையீரல் அழற்சி முந்திக்கொள்வதால், நோயின் முதல் அறிகுறியே நிமோனியா என்று பதிவாகியிருக்கலாம்.

நம் பக்கத்துக்குரிய கேள்வி ஒன்று இந்தப் பட்டியலில் இடம்பெறாமலே கிடக்கிறது. 2006இல் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்டது. தமிழ்நாடும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த வைரஸ் முதிர்ந்த தசைநாரை விட்டுவிட்டு, தசையைப் புதுப்பிக்கும் சாட்டிலைட் செல்களைத் தொற்றுவதாக 2007இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதுப்பிக்கப்படும் தசைச் செல்களில்தான் தசையழற்சி எதிர்ப்பொருள்களின் இலக்குகள் மிகையாக உண்டாகின்றன என்று 2005இல் லிவியா காஸ்சியோலா-ரோசனின் குழு கண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவான ஆய்வுக் கேள்வி எழுகிறது. இந்தத் துறையின் தரவுகளோ பெரும்பாலும் கொசுக் காய்ச்சல் அதிகம் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவை.

எது நிற்கிறது, எது திறந்திருக்கிறது

எல்லாத் தசையழற்சிக்கும் ஒரே வைரஸ் காரணம் என்ற நிலைப்பாடு இன்று நிற்கவில்லை. தசைநாருக்குள் தொடர்ந்து குடியிருக்கும் வைரஸ் என்ற கருத்தும் பெரும்பாலும் கைவிடப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி., எச்.டி.எல்.வி.-1 தொடர்பு உறுதியானது. எம்.டி.ஏ.5 வகையில் வைரஸின் பங்கு நியாயமாகவே சந்தேகிக்கத்தக்கது. குழந்தைகளின் டெர்மட்டோமயோசைட்டிஸில் அது சாத்தியம். இன்க்ளூஷன் பாடி வகையிலும், ஸ்டாட்டினோடு தொடர்புள்ள வகையிலும் சாதாரணத் தொற்றுகளுக்குப் பங்கு இருப்பதாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அதனால் வீட்டார் கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதில், நோயின் வகையைக் கேட்ட பிறகே தொடங்க முடியும்.

இதைத் தீர்க்க என்ன வேண்டும் என்பதில் ஐயமில்லை. நோய் வருவதற்கு முன் எடுத்துச் சேமித்த ரத்தம் வேண்டும். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்கு எப்ஸ்டைன்-பார் வைரஸின் தொடர்பு 2022இல் வலுவாக நிறுவப்பட்டது அப்படித்தான்; அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் சேமித்த ரத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. அதைவிடப் பல மடங்கு அரிய தசையழற்சிக்கு அத்தகைய சேமிப்பு எளிதில் அமையாது. ஆனால் ஒரு டெங்கு அல்லது சிக்குன்குனியா அலையில் மருத்துவமனைக்கு வந்தவர்களின் ரத்தத்தைச் சேமித்து, தசை பலவீனம் நீடிப்பவர்களை ஆறு மாதம், ஓராண்டு என்று பின்தொடர்வது நம் மருத்துவக் கல்லூரிகளால் ஆகக்கூடிய வேலை. பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே பதிவேடு வைத்தால்தான் எண்ணிக்கை பொருள் தரும்.

காரணம் எதுவானாலும், தாமதம் நோயாளிக்குத் தீங்கு. காய்ச்சலுக்குப் பின் வரும் தசை வலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் பலவீனம் வளர்ந்துகொண்டே போனால், கண்ணிமையில் ஊதா நிறமோ விரல் முட்டிகளில் தடிப்போ தெரிந்தால், விழுங்கச் சிரமப்பட்டால், சி.பி.கே. பரிசோதனையோடு மூட்டு, தசை நோய்களுக்கான ருமட்டாலஜி மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கருத்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.